முள் என்று சொன்ன பதினோரு நாள்

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் விசாரித்தது முள்ளைப் பற்றித்தான். எவ்வளவு நீளம், எந்த இடம், பிடுங்கும்போது முழுசாக வந்ததா, பாதியில் ஒடிந்ததா என்று கேட்டார்கள். நானும் சளைக்காமல் சொன்னேன். படப்பை ஏரிக்கரை, சீமைக்கருவேல முள், சுண்டுவிரல் நீளம். இரண்டாம் நாள் சொன்னபோது அது நடுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி விரலை நீட்டி அளவு காட்டுவேன். வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, வாங்கிவந்த சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு முள்ளே கிடையாது. என் வலது பாதத்தில் குத்தியது இரும்பு. அதை ஏன் மறைத்தேன், மறைத்ததால் என் கால் எந்தக் கதிக்குப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு காலோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், நான் பயந்ததே ஏழு பேருக்குக் காணும்.

என் பெயர் இசக்கிமுத்து. ஊர் சாத்தான்குளம் பக்கம். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஆபரேட்டர். நானும் என் மனைவி மாரியும் படப்பையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கோடையில் அந்த வட்டாரத்துக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு தொடர் ஓட்டம் நடத்துவதாக முடிவாயிற்று. ஒரகடத்தில் தொடங்கி வல்லக்கோட்டை வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்ப வேண்டும். அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர், ஒருவர் கையிலிருந்து அடுத்தவருக்கு மாற்ற ஒரு கட்டை. எங்கள் அணி முழுக்க மெஷின் ஷாப் ஆட்கள். தலைவர் எங்கள் லைன் லீடர் தேவராஜ் அண்ணன், படப்பைக்காரர்.

வெளிநாடு போய்வந்த மேனேஜர் ஒருவர் எங்கள் ஐந்து பேருக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தார். டப்பாவைத் திறந்ததும் சிரித்துவிட்டோம். அடிப்பாகம் தோசை கனம்கூட இல்லை. குதிகாலுக்கு மெத்தை கிடையாது. கையில் சுருட்டினால் பாயைப் போலச் சுருண்டது. வெறுங்காலில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களாம், கால் தசை அப்போதுதான் பலப்படுமாம்.

"இன்னாபா இது, வெறுங்காலுல ஓடறதுக்கு எதுக்குபா ஷூ?" என்றார் தேவராஜ் அண்ணன்.

எனக்கு அந்த ஷூ அவ்வளவு பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊர்த் தேரிச் செம்மணலில் வெறுங்காலோடு ஓடிப் பரிசு வாங்கியவன் நான். முதல் பத்து நாள் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. அதன்பின் சாலையின் சூடு, ஜல்லி, தார் விரிசல் எல்லாம் பாதத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. முதல் ஷிப்ட் முடிந்ததும் கேட்டிலிருந்து கிளம்பி வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை ஓடித் திரும்புவோம். அண்ணன் மட்டும் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. "மாப்பிள்ளை ஊர்வலமா அண்ணே?" என்று கிண்டல் செய்வேன். கட்டையை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அவருக்கு இடது கைதான். அது அவர் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கர் அறையில் பாதுகாப்பு ஷூவைக் கழற்றி, மெல்லிய ஷூவை மாட்டியாயிற்று. அப்போதுதான் தண்ணீர் பாட்டிலை மெஷினிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. மறுபடி மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும், மற்ற நாலு பேர் கேட்டில் நிற்கிறார்கள். போய் எடுத்துவர ஐம்பது அடிதானே என்று அப்படியே உள்ளே நடந்தேன். லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக உரிந்து விழும். அதை நாங்கள் சிப்ஸ் என்போம். பெருக்கினாலும் ஒன்றிரண்டு தரையில் கிடக்கும். பாட்டிலுக்குக் கை நீட்டியபோது பாதத்தின் நடுவில் சுருக்கென்றது.

ஷூவைக் கழற்றினால் சுருள் ஒன்று அடிப்பாகத்தைத் துளைத்து நின்றது. பிடுங்கினேன். இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். முழுசாக வந்துவிட்டது என்றே நினைத்தேன். என்னைத் தேடி வந்த தேவராஜ் அண்ணன் என் காலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், பிறகு திரும்பி வாசல் பக்கம் பார்த்தார்.

வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே எண் அட்டைகள் தொங்கும். தினமும் காலையில் அட்டையை மாற்றுவது அண்ணன் வேலை. அன்று 463. ஐநூறு ஆனால் ஷாப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு மாவு கிரைண்டர். யாருக்காவது அடிபட்டு மருத்துவ அறையில் பதிவானால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

"உள்ள ஒண்ணும் இல்லியே?" என்றார் அண்ணன்.

"இல்ல அண்ணே. வந்துட்டு."

"அப்போ வெளிய போய் ஊசி போட்டுக்க. ஏரிக்கரையில முள்ளு குத்திச்சுன்னு சொல்லு. சேஃப்டி ஷூ இல்லாம உள்ள நடந்தேன்னா உனக்கும் மெமோ, எனக்கும் மெமோ. டீமையே கலச்சுடுவானுங்க. பசங்க எல்லாம் கிரைண்டருக்கு இடம் பாத்து வெச்சுக்கினு கீறானுங்கடா."

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். மாரியும் அடுப்படியில் கிரைண்டருக்கு இடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தாள்.

இரண்டு நாள் அந்தக் காலோடேயே ஓடினேன். நாலாம் நாள் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். ஆறாம் நாள் கம்பெனி பஸ்ஸில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுவிட்டு டிரைவரை நிறுத்தச் சொன்னார். கால் வீங்கி ஷூவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கத்தரித்துத்தான் எடுத்தார்கள். படப்பையில் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். தொடை இடுக்கை அமுக்கிப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு. எப்படி ஆச்சு தம்பி?" என்றார்.

"முள்ளு சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பாதத்தை மரக்கவைத்துக் கீறிச் சீழை எடுத்தார். முள்ளைத் தேடினார். கிடைக்கவில்லை. "முள்ளு எக்ஸ்ரேயில தெரியாது. மக்கிப் போயிருக்கும். மருந்து ஏத்திப் பாப்போம்" என்றார். தோலுக்கு அடியில் இருக்கும் சதையில் கிருமி பரவுவதை செல்லுலைட்டிஸ் என்கிறார்கள். தோல் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் கொதிக்கும். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ரத்தத்தில் வெள்ளை அணு ஏகத்துக்கு ஏறியிருந்தது. கிருமியோடு சண்டை போட உடம்பு அனுப்பும் ஆட்களாம் அவை.

சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் நர்ஸ் பேனாவால் கோடு போட்டார். மறுநாள் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். தாண்டினால் கேட்கவில்லை. பத்து வருஷமாக இரும்பில் கோடு போட்டு வேலை செய்கிறவன் நான். மார்க்கிங்கைத் தாண்டினால் ஜாப் ரிஜெக்ட் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மறுநாள் விடிந்ததும் போர்வையை விலக்கப் பயந்து கிடந்தேன். மாரிதான் விலக்கினாள். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே வந்திருந்தது. நர்ஸ் இரண்டாவது கோடு போட்டார். அதற்கு மறுநாள் கணுக்காலுக்கு மேல் மூன்றாவது.

எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர். சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர், ரேடியோ கேட்பார், என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்திருப்பேன். ஒருநாள் மத்தியானம் அவர் தூக்கத்தில் இல்லாத காலைச் சொறிவதற்காகக் கையை நீட்டியதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடிப் பரிசு வாங்கியவன், நின்று லேத் ஓட்டிச் சம்பாதிக்கிறவன். கால் இல்லாமல் எனக்கு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் தூக்கில் கஞ்சி அனுப்புவார். வாடகை வாங்கும்போது ஒரு நாள் பொறுக்காதவர், "பில்லெல்லாம் கட்டி முடிச்சிட்டு குடு, வூடு எங்கியும் ஓடிப்பூடாது" என்று மாரியிடம் சொன்னாராம். வேலையில் அடிபட்டது என்று சொல்லியிருந்தால் மருத்துவச் செலவு கம்பெனியுடையது. முள் குத்தினால் நம்முடையது. மாரி பில்லை மடித்து ரவிக்கைக்குள் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு நுனி வரை வரும். அந்த நேரம் பார்த்து ஷாப் ஆட்கள் வருவார்கள். "இன்னிக்கி 471 இசக்கி" என்பார்கள், எனக்கு உற்சாகமூட்டுவதாக நினைத்துக்கொண்டு. நானும் சிரிப்பேன்.

மாரி மட்டும் முள்ளைப் பற்றி என்னிடம் கேட்கவேயில்லை. ஒருநாள் ரசச்சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "கருவ முள்ளு குத்துனா ஒடிச்சுப் போட்டுட்டு ஓடுத ஆளு நீங்க. எனக்குத் தெரியாதா? எதையோ மறைக்கீங்க. நான் கேக்க மாட்டேன். வல்லக்கோட்டையான் கேக்கட்டும்."

நான் சோற்றை மென்றேன்.

பத்தாம் நாள் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசுகிற டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

"மூணு மருந்து மாத்தியாச்சு தம்பி. கேக்கல. எலும்புக்குப் போயிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

எலும்புக்குள் சீழ் பிடிப்பதற்கு ஆஸ்டியோமைலிடிஸ் என்று பெயர். எலும்பை உள்ளிருந்து அரிக்கும். எலும்பு கெட்டது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், எம்ஆர்ஐ ஸ்கேனில் இப்போதே தெரியும் என்றார். அது பெரிய காந்தத்தை வைத்து உடம்பின் உள்ளே படம் எடுக்கும் இயந்திரம், தாம்பரத்தில் இருக்கிறது. "போயிருந்தா?" என்று மாரி கேட்டாள். "சுரண்டிப் பாக்கணும்மா. அதுலயும் நிக்கலேன்னா, காலைக் காப்பாத்தறதா ஆளைக் காப்பாத்தறதான்னு பாக்கணும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவரிடம்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.

மறுநாள் தேவராஜ் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தார். ஆம்புலன்ஸில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம் தந்தார்கள். அண்ணன்தான் நிரப்பினார். எட்டிப் பார்த்தேன். உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. என்னைக் கேட்காமலேயே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நானும் வாய் திறக்கவில்லை.

காத்திருக்கும் இடத்தில் ஏ.சி. குளிர். எனக்கு முன்னால் மூன்று பேர். உள்ளேயிருந்து தட்தட்தட்டென்று சத்தம், எங்கள் ஷாப்பின் பவர் பிரஸ் மாதிரி. மாரி கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே டெக்னீஷியன் ஒரு சின்ன வயதுப் பெண். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார். "பெல்ட் பக்கிள், சாவி, காசு? இங்க இரும்பு ஆகாது சார். போன மாசம் ஒருத்தர் பாக்கெட்ல ஒரு நட்டு. கதவு தாண்டினதும் பறந்து போய் ஒட்டிக்கிச்சு."

"இரும்பு உடம்புக்குள்ள இருந்தா?" என்றேன்.

"உள்ளயே நகரும் சார். சூடாகும். படமும் கெட்டுடும்." பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏன், எங்க வேலை செய்றீங்க?"

சிப்ஸ் தொட்டியைச் சுத்தம் செய்ய எங்களிடம் கம்பி முனையில் பொருத்திய காந்தம் ஒன்று உண்டு. தொட்டிக்கு ஒரு சாண் மேலே பிடித்தாலே போதும். சுருள்கள் முதலில் திரும்பும், பிறகு துள்ளும், பிறகு குத்திட்டு வந்து ஒட்டும். வருஷக்கணக்காக என் கையாலேயே செய்கிற வேலை. ஒட்டுவதற்கு முன்னால் அவை திரும்புமே, அது நினைவுக்கு வந்தது. அன்று நான் பிடுங்கிய சுருளின் நுனி எப்படி இருந்தது? கூராக இருந்ததா, ஒடிந்து மொண்ணையாக இருந்ததா? பார்த்தேனா? பார்க்கவேயில்லை. பதினோரு நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தக் காந்தம் என் பாதத்துக்காகக் காத்திருந்தது.

"லேத்ல வேலை செய்யேன்மா" என்றேன். "காலுல குத்துனது முள்ளு இல்ல. இரும்பு. உள்ள நுனி இருக்கான்னு எனக்குத் தெரியல. என்னை உள்ள கொண்டு போயிராதீங்க."

அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. சக்கர நாற்காலியைத் திருப்பி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். கதவு திறந்ததும் தேவராஜ் அண்ணன் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மாரிக்கும் புரிந்தது. அவள் என் அருகில் வந்து தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அழுதாள்.

அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாத எலும்புகளுக்கு நடுவே நகத்துண்டு மாதிரி வெள்ளையாக, வளைந்து, தெளிவாகக் கிடந்தது. முதல் நாளே இரும்பு என்று சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நான் பதினஞ்சு நிமிஷம் உன் காலுக்குள்ள முள்ளைத் தேடினேன் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே அறுத்து எடுத்தார்கள். எலும்பின் மேல்தோல்வரை சீழ் போயிருந்தது, உள்ளே இறங்கவில்லை. சுரண்டிக் கழுவி, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். கேஸ் ஷீட்டில் பழையதை அடித்துவிட்டு, 'வேலையிடத்தில் இரும்புச் சுருள்' என்று என் எதிரிலேயே எழுதினார். இரண்டாம் நாள் சிவப்பு மூன்றாவது கோட்டுக்குக் கீழே இறங்கியது. மாரி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வல்லக்கோட்டை இருக்கும் திசை இதுதானா என்று நர்ஸிடம் கேட்டு, ஒரு கும்பிடு போட்டாள்.

காலைப் பற்றிய பயம் மெல்ல விட்டது. அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்தது. தேவராஜ் அண்ணன் அன்றைக்குப் போனவர், மூன்று நாளாக வரவில்லை. ஷாப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. இருநூறு பேரின் கிரைண்டரில் மண்ணைப் போட்டவன் முகத்தில் யார் விழிப்பார்கள்?

நாலாம் நாள் காலை டாக்டர் ரவுண்டு வருகிற நேரத்தில் அண்ணன் வந்தார். அதே முழுக்கைச் சட்டை. மாரி எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

"போர்டை நான்தான்டா மாத்தினேன். 474-ஐக் கழட்டிட்டு ஜீரோ மாட்டினேன். ஓட்டத்துலேந்து நம்ம பேரையும் எடுத்துட்டாங்க. எனக்கு மெமோ வந்துது."

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணே."

"நீ இன்னாத்துக்குடா மன்னிப்பு கேக்கற?" என்றார். "உன் காலு பூடும்னு தெரிஞ்சும் அந்தப் பேப்பர்ல டிக் அடிச்சேன் பாரு. மூணு நாளா சோறு எறங்கல."

பிறகு வலது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மெதுவாக மடித்து மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கருகி, இறுகி, முடிச்சு முடிச்சாக ஒட்டிக்கிடந்தது. நீட்டிக் காட்ட முயன்றார். கை பாதிக்கு மேல் நீளவில்லை.

"சூடான இரும்பு ஷாஃப்ட் ஒண்ணு உருண்டு வந்து மேல சாஞ்சிடுச்சு. அன்னிக்கி போர்டுல நூத்திப் பன்னெண்டு. வூட்ல கஞ்சி வடிக்கசொல்லோ கொட்டிக்கினேன்னு சொல்லி, மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கினு வுட்டுட்டேன். மறுநாள் காலையில இந்தக் கையாலதான் நூத்திப் பதிமூணு மாட்டினேன்."

நான் ஓட்டத்தில் அவருடைய முழுக்கைச் சட்டையைக் கிண்டல் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்து முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாரி வாசலுக்குப் போனாள்.

"டாக்டரய்யா, இங்ஙன இன்னொரு ஆளுக்கும் பாக்கணும்."

டாக்டர் உள்ளே வந்தார். என் காலை விட்டுவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் நீளும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, என்னிடம் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் காலில் இருந்த மூன்று கோடுகளையும் பார்த்தார்.

"கம்பெனியில சார்" என்றார். "வேலையில."